உப்புக்காலத்தில் மழை பிடித்தவள்

மரக்காணத்தில் ஆர்க்கிட் வளராது என்று எனக்கு முதலில் சொன்னவர் ஆர்க்கிட் விற்கிறவர்தான். சித்தி மகளின் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க இடையஞ்சாவடிக்குப் போயிருந்தேன். திரும்பி வரும் வழியில் ஒரு நர்சரி. பச்சை வலைக்குக் கீழே மரச்சட்டக் கூடைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றில் மட்டும் பூ இருந்தது. நீலம் என்று சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. இதழ் முழுக்கக் கட்டம் கட்டமாக மெல்லிய கோடுகள். கூடையில் மண்ணே இல்லை. வேரெல்லாம் வெறும் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன செடி என்று கேட்டேன். நீல வாண்டா என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன விரல்களை எங்கே கொண்டு மறைப்பது?

“எந்த ஊரும்மா?”

“மரக்காணம். உப்பளம் வெச்சிருக்கோம்.”

“அப்ப இது வேணாம்மா. மலைச் செடி இது. உப்புக் காத்துல ஒரு மாசம் தாங்காது. டேபிள் ரோஸ் எடுத்துக்குங்க, சூப்பரா வரும்.”

டேபிள் ரோஸ் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அவர் சொன்ன விதம் இருக்கிறதே, அது எனக்குப் பொறுக்கவில்லை. நல்ல சாமானைக் கேட்டவளிடம் உனக்கு இது போதும் என்று வேறொன்றை எடுத்து நீட்டுகிற விதம் அது. பூத்திருந்த செடி விற்பனைக்கு இல்லை என்றார். அதே வகையில் விரல் நீளத்துக்கு மூன்று குட்டிகள் இருந்தன. மூன்றையும் கொடுங்கள் என்றேன். மஞ்சள் தடவிய பத்திரிகைகள் இருந்த பையிலேயே அவற்றை வைத்து, மடியில் இருத்திக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நானாக விரும்பி வாங்கினேனா, ரோஷத்தில் வாங்கினேனா என்று கேட்டால், ரோஷத்தில்தான்.

எனக்கு அப்போது நாற்பது வயது. கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் சொல்லும். நான் செய்துகொள்ளவில்லை என்று நான் சொல்வேன். அப்பா போன பிறகு அண்ணனும் நானும் சேர்ந்துதான் குத்தகைக்கு உப்பளம் எடுத்து நடத்துகிறோம். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆள் பார்ப்பதும் லாரி பார்ப்பதும் அண்ணன். பாத்தித் தண்ணீருக்கு டிகிரி பார்ப்பது நான். அதற்கென்று ஒரு கண்ணாடிக் குழல் இருக்கிறது. தண்ணீரில் விட்டால் மிதக்கும். உப்பு ஏற ஏற அதுவும் மேலே எழும்பும். இருபத்து நாலு, இருபத்தைந்தில் உப்புப் படிய ஆரம்பிக்கும். இருபத்தொன்பதைத் தாண்டவிட்டால் உப்பு கசந்துவிடும், அதற்குள் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். என் கண்ணுக்கு அரை டிகிரி தப்பாது. அண்ணனே அதை நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பெருமைதான் என் முதல் செடியைக் கொன்றது. ஆர்க்கிட்டுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நர்சரிக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். உப்பைப் பற்றி எனக்கா சொல்கிறார்? வீட்டு போர் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்தேன். டிகிரிக் குழலை விட்டேன். பூஜ்யம் காட்டியது. பாருடா, பூஜ்யம் டிகிரித் தண்ணீர் என்று தினமும் காலையில் மூன்று கூடைகளையும் அதில் முக்கி எடுத்தேன். இரண்டாவது மாதத்தில் இலை நுனி கருகியது. வெயில் என்று நினைத்து நிழலுக்கு மாற்றினேன். வேர் பழுப்பாகி, தொட்டால் தோல் கழன்று வந்தது. மூன்றில் ஒன்று போய்விட்டது.

அப்புறம் ஒருநாள் எதிர்வீட்டுக்குத் தண்ணீர் மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர் கையில் தண்ணீரிலுள்ள உப்பைக் காட்டுகிற, பேனா மாதிரி ஒரு மீட்டர் வைத்திருந்தார். எங்கள் போர் தண்ணீரில் அதை முக்கச் சொன்னேன். முக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“இதயா செடிக்கு ஊத்தறீங்க? குளிச்சாலே முடி கொட்டுமே.”

டிகிரிக் குழலில் பூஜ்யம் காட்டியதே என்றேன். அவருக்கு அது என்னவென்றே தெரியவில்லை. எனக்குத்தான் மெதுவாகப் புரிந்தது. கடல் தண்ணீரே எங்கள் குழலில் மூன்று டிகிரிதான். அதில் போய் போர் தண்ணீரின் உப்பைத் தேடியது, லாரி எடை போடும் மேடையில் மூக்குத்தியை வைத்து எடை பார்த்த கதை. உப்பளத்தில் பிறந்து வளர்ந்த ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. எனக்கு வந்தது. அன்றைக்கே அந்த மாதிரி மீட்டர் ஒன்று வரவழைத்தேன்.

இரண்டாவது செடி கேன் தண்ணீரில் போனது. மழைக்காலத்தில் நன்றாக இருக்கிற கேன் தண்ணீர் கோடையில் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் ஒரு தடவை மீட்டர் வைத்துப் பார்த்ததோடு நானும் விட்டுவிட்டேன். என் நாக்குக்கு வித்தியாசம் தெரியவில்லை, வேருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு மழைத் தண்ணீர் ஒன்றுதான் என்று முடிவு செய்தேன். ஐப்பசி கார்த்திகையில் மாடித் தண்ணீரை நீல டிரம்களில் பிடித்து, வாயில் துணி கட்டி மூடி வைப்பேன். கோடைவரை அதுதான்.

மிஞ்சிய ஒரு செடியைப் பின்கட்டில், சமையலறைச் சுவருக்கும் குளியலறைக்கும் நடுவிலிருக்கிற சந்தில் தொங்கவிட்டேன். சாயங்காலம் கடல் காற்று அடித்தால் இலை மேல் மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம் உட்காரும். ஈரத் துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்க வேண்டும். சந்து குளிர்ச்சியாக இருக்க ஈரச் சாக்கு தொங்கவிடலாம் என்று பார்த்தால், எங்கள் வீட்டில் உப்புப் படாத சாக்கு ஒன்றுகூட இல்லை. கடையில் கேட்டு அரிசிச் சாக்கு வாங்கி வந்தேன். அளத்திலிருந்து வந்த கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவாமல் கூடையைத் தொட மாட்டேன். இதையெல்லாம் பார்த்துவிட்டுத் தெருவில் சொல்வார்கள், புருஷன் இல்லாதவளுக்குப் பொழுது போக வேண்டாமா என்று. விடியற்காலையில் அளத்துக்குப் போய் வெயில் தாழ வருகிறவளுக்குப் பொழுது போகாமல் இருக்க நேரம் எங்கே இருக்கிறது?

ஐந்து வருஷம் ஒரு பூ வரவில்லை. பூவுக்காக வளர்க்கவில்லை, செடி இருந்தால் போதும் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் சொன்னால் அது பொய். எனக்கு அந்தப் பூ வேண்டும். மரக்காணத்தில், உப்பளக்காரி வீட்டில் அது பூக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாவது வருஷம் டிரம் தண்ணீர் சித்திரை முடிவதற்குள் அடிக்கு வந்துவிட்டது. வெயில் அப்படி. நகைக்கடன் ஆபீஸ் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை வாட்ச்மேனிடம் கேட்டு ஒரு வாரம் எடுத்து வந்தேன். பிறகு மேனேஜர் குழாயைச் சாக்கடைக்குள் திருப்பிவிட்டார். தினமும் முக்கி எடுத்த கூடைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் தெளித்தேன். வேர் வெள்ளி நிறத்திலேயே நின்றது. நனைந்தால் பச்சையாக மாற வேண்டும், மாறவில்லை. இலையில் சுருக்கம் விழுந்தது. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் இதுவும் போய்விடும் என்று தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உப்பு விளைகிற மாதங்களில் மழை எங்களுக்கு எதிரி. ஒரு மணி நேர மழை போதும், பாத்தியில் படிந்ததெல்லாம் கரைந்துவிடும். அதனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம். உப்புக்காலத்தில் மேகம் இருட்டினால், வெளியே இருக்கிற குடம், வாளி, சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுவார்கள். பாத்திரம் நிமிர்ந்திருந்தால் மழையை வா என்று கூப்பிட்டதாக அர்த்தம். தண்ணீர்ப் பஞ்சத்திலும் யாரும் பிடிக்க மாட்டார்கள். நானும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ குடங்களைக் கவிழ்த்திருக்கிறேன்.

வைகாசி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. அன்றைக்குத்தான் உப்பு வாரி வரப்பு மேல் ஒன்பது குவியல் போட்டிருந்தோம். அண்ணன், நான், வேலைக்கு வந்த நாலு பெண்கள், எல்லோரும் ஓடினோம். தார்ப்பாயை இழுத்து, கீற்றை வைத்து, மேலே கல்லை ஏற்றி ஒன்பதையும் மூடினோம். அதில் ஐந்து நான் மூடியது. கடைசிக் கல்லை வைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இன்னும் வாராத பாத்திகளில் இருந்ததை ஒன்றும் செய்ய முடியாது. பன்னிரண்டு நாள் படிந்த உப்பு கண்ணெதிரில் கரைந்துகொண்டிருந்தது. எனக்கும் வயிறு எரிந்தது. எரியவில்லை என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு என்னைத் தெரியாது.

ஆனால் இனி அங்கே நின்று செய்ய ஒன்றுமில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணி எல்லாவற்றையும் ஒழுங்காகக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்றிருந்தாள். மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் எங்கள் வீட்டில் முன்பக்கம், தெருவைப் பார்த்து இருக்கிறது. முதலில் வருவது மாடியிலிருக்கிற உப்புத் தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதை ஓடவிட்டேன். மீட்டரை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண் இறங்கியதும் குடங்களை நிமிர்த்தினேன். வாளிகளை நிமிர்த்தினேன். விசேஷத்துக்குச் சோறாக்குகிற பெரிய அண்டாவை உள்ளே இருந்து உருட்டி வந்து வைத்தேன்.

“ஏம்மா, இன்னா காரியம் பண்ற நீ! நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்த வாசல்ல ஒரு கொடம் நிமிந்து பாத்ததில்ல. அவரு வந்தா இன்னா ஆவும்?” என்று அண்ணி தலையில் கை வைத்தாள்.

“வரட்டும் அண்ணி” என்றேன்.

எதிர்வீட்டுக்காரரும் உப்பளக் குத்தகைக்காரர்தான். அவர் திண்டாடிப்போய் நனைந்து வந்து, என் வாசலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல்களிலும் ஆட்கள். நான் நிரம்பியதை நகர்த்தி அடுத்ததை வைத்துக்கொண்டிருந்தேன். மழை விடுகிற நேரத்துக்கு அண்ணன் வந்தார். முழங்கால்வரை சேறு. வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தார்.

“யாரு வெச்சது?”

“நான்தாண்ணா.”

“அங்க பாத்தி பூரா கரைஞ்சு போய்க்குது. இங்க நீ மழையப் புடிச்சு வெச்சுக்கினு இருக்கற. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்.”

அண்ணன் முதல் குடத்தைக் காலால் தள்ளினார். அடுத்தது வாளி. அடுத்தது இன்னொரு குடம். ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே வந்தார், கோபத்தோடுகூட இல்லை, கடமையைச் செய்கிறவர் போல. தண்ணீர் என் கால் மேல் ஓடியது. அண்டாவிடம் வருவதற்குள் நான் சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அதைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன்.

“இதயும் கொட்டணும்னா என்னையும் சேத்துக் கொட்டு.”

“எந்திரி. அசிங்கமா இருக்குது.”

“எந்திரிக்க மாட்டேன். அஞ்சு குவியலு மூடிட்டுத்தான் வந்தேன். நீ எத்தினி மூடின? அந்த உப்புல என் ஒழைப்பு இல்லியா? மழ உன்னக் கேட்டும் வரல, என் கொடத்தக் கேட்டும் வரல. அதுபாட்டுக்கு வந்துச்சு. வந்தத நான் புடிச்சேன். இன்னா தப்பு?”

“ஒரு செடிக்காவா?”

“ஆமா. ஒரு செடிக்குத்தான். உனக்குப் புள்ளைங்க இருக்குது, வீடு இருக்குது, ஊர்ல பேரு இருக்குது. எனக்குன்னு நான் கேட்டது இது ஒண்ணுதான். அதுவும் உன்னக் கேக்கல, வானத்தத்தான் கேட்டேன்.”

எனக்கு அழுகை வந்தது. தெரு முழுக்கப் பார்க்க அழுதேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. அண்ணன் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருட்டுவதற்கு முன்னால் அண்டாவைத் தனியாகவே ஓரத்துக்கு நகர்த்தி, வாயில் துணி கட்டினேன்.

அடுத்த நாள் காலையில் அளத்து வரப்பில் மூன்று குத்தகைக்காரர்கள் அண்ணனோடு நின்றிருந்தார்கள். நான் வந்ததும் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

“தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. இந்த சீசன் முடியறவரைக்கும் நீ பாத்தியில எறங்க வேணாம். நாலு பேரு பொழப்பு.”

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். குழலைத் தண்ணீரில் விட்டேன். மழைத் தண்ணீர் கலந்து எட்டில் நின்றது. எட்டு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

அந்த அண்டாத் தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டினேன். கூடையை ஒரு சின்ன வாளியில் முக்கி, சொட்டுவதைத் தட்டில் பிடித்து, அதையே மறுநாளும் பயன்படுத்தினேன். இரண்டாவது வாரம் வேர் நுனியில் பச்சை எட்டிப் பார்த்தது. அன்றைக்குச் சந்தில் நின்று தனியாகச் சிரித்தேன். அந்த சீசனில் இன்னும் இரண்டு மழை வந்தது. இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். இரண்டு தடவையும் அளத்தில் குவியலை மூடிவிட்டு வந்து, வாசலில் அண்டாவை வைத்தேன். யாரும் கவிழ்க்கவில்லை. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். “இன்னா டிகிரி?” என்பார். “இருபத்தாறு” என்பேன். மாதக்கணக்கில் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சாப்பிட உட்காரும்போது ரொம்ப வலித்தது. அதற்காக மன்னிப்புக் கேட்கிற எண்ணமும் எனக்கு வரவில்லை.

சென்ற கார்த்திகையில், வாங்கி ஏழு வருஷம் கழித்து, செடி காம்பு விட்டது. முதலில் அதுவும் ஒரு வேர் என்றுதான் நினைத்தேன். வேர் கீழே போகும், இது மேலே வளைந்தது. ஏழு மொட்டு. இரண்டை ஏதோ பூச்சி தின்றுவிட்டது. ஐந்து பூத்தன. நர்சரியில் பார்த்த அளவுக்குப் பெரிசு இல்லை, நிறமும் கொஞ்சம் கம்மி. கட்டம் கட்டமாகக் கோடு மட்டும் அப்படியே இருந்தது. நான் அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்றைக்கு வேறு ஒரு வேலையும் செய்யவில்லை.

மறுநாள் கூடையைப் பின்கட்டிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து முன்வாசல் நிலைக்கு நேரே, படிக்கு மேலே கட்டினேன். தெருவில் போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் பட வேண்டும். வஞ்சம் என்று சொன்னால் வஞ்சம்தான், நான் மறுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார்.

“இதுக்காவா தங்கச்சி அன்னிக்கு அவ்ளோ ரகள?”

“இதுக்காவத்தான்” என்றேன்.

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, வாசனை இல்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணிக்கு வேறு கவலை. அண்ணன் நல்ல உயரம்.

“கொஞ்சம் மேல தூக்கிக் கட்டேம்மா. போவ வர்றப்போ அவரு தலையில இடிக்கும்.”

“இடிச்சா நிமிந்து பாக்கட்டும்.”

இருபத்திரண்டு நாள் அந்தப் பூ வாடாமல் இருந்தது. காலையில் அண்ணன் வெளியே போகும்போது நான் உள்ளிருந்து பார்ப்பேன், ராத்திரி சாப்பாட்டுக்கு வரும்போதும் பார்ப்பேன். ஒரு தடவைகூட அவர் நிமிர்ந்து அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் படிக்கு முன்னால் நின்று, கழுத்தையும் முதுகையும் வளைத்து, வேர்கூடத் தன் மேல் படாமல் குனிந்து போனார், குனிந்து வந்தார். ஐம்பத்திரண்டு வயதில் முதுகு வலிக்காரர். நான் கூடையை ஒரு அங்குலம்கூட உயர்த்திக் கட்டவில்லை.